வாடகையிலிருந்து விலைக்கு: தாதர் வீடுகள் கட்டிய வரி

தாதர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே வீடு இருந்தால் அது எஃப் வடக்கு வார்டு. மேற்கே இருந்தால் ஜி வடக்கு வார்டு. முதலாவதற்கு அலுவலகம் மாட்டுங்காவின் பாவ் தாஜி சாலையில். இரண்டாவதற்கு, திரைப்பட இயக்குநர் வி. சாந்தாராமின் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வரும் பிளாசா தியேட்டருக்குப் பின்புறம். மும்பை மாநகராட்சி அனுப்பும் சொத்து வரிச் சீட்டில் இருக்கும் கணக்கு எண்ணின் முதல் எழுத்துகளைப் பார்த்தாலே கட்டடம் எந்த வார்டு என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சீட்டை முழுக்கப் படிப்பவர்கள் குறைவு. பெரும்பாலான கட்டடங்களில் அது சொசைட்டியின் பெயருக்கு வருகிறது. செயலாளர் பார்க்கிறார், கணக்கர் பங்கு பிரிக்கிறார், வீட்டுக்காரர் மாதாந்திர மெயின்டனன்ஸ் தொகையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்.

அப்படிப் படிக்காமல் விடும் சீட்டில் ஒரே ஒரு வரி இல்லை. பொது வரி, தண்ணீர் வரி, தண்ணீர் அனுகூல வரி, கழிவுநீர் வரி, கழிவுநீர் அனுகூல வரி, மாநகராட்சிக் கல்வி வரி, மாநில அரசின் கல்வி வரி, மர வரி, தெரு வரி என்று வரிசையாக நீள்கிறது. கடையாக இருந்தால் வேலை உறுதித் திட்ட வரியும் சேரும். இந்த வரிகள் எல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதப்பட்டவை அல்ல. பம்பாய்க்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு தேவை வந்தபோது ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் கதை அந்த வரிகளோடு மற்ற இடங்களைவிட நெருக்கமாகப் பின்னியிருக்கிறது.

வீட்டு வரியும் உள்ளாட்சியும் ஒன்றாகவே பிறந்தவை என்பதற்குச் சான்று தேடித் தமிழர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னைப்பட்டணத்துக் கருப்பர் நகரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டு வரி போட்டபோது மக்கள் கட்ட மறுத்தார்கள். 1686இல் எதிர்ப்பு பெரிதாக வெடித்தது. லண்டனில் கம்பெனியை நடத்திவந்த ஜோசையா சைல்டு அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். மேலிருந்து விதிக்கும் சிறு தொகையைக் கொடுக்க முரண்டு பிடிக்கும் மக்கள், தங்களில் சிலர் உட்கார்ந்து விதிக்கும் பெரிய தொகையைக்கூடக் கொடுப்பார்கள் என்று அவர் நம்பினார். 1688இல் சென்னை மாநகராட்சி பிறந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். வரி கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே ஒரு மன்றம் வேண்டும் என்ற எண்ணத்தை அது விட்டுச்சென்றது.

பம்பாயில் அந்த மன்றம் வர இன்னும் 180 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1793ஆம் ஆண்டின் சட்டம், தெருக் கூட்டவும் காவல் போடவும் சாலை சரிசெய்யவும் வீடுகளின் ஆண்டு மதிப்பின்மேல் வரி விதிக்கும் அதிகாரத்தை நீதிமான்களிடம் கொடுத்தது. அவர்கள் அரசு நியமித்த கனவான்கள். வரி கட்டியவர்களுக்குப் பேச இடம் இல்லை. 1865இல் ஆர்தர் கிராஃபோர்டு முதல் முனிசிபல் கமிஷனராக வந்தார். சாலைகள் போட்டார், சாக்கடைகளைச் சீர்செய்தார், தன் பெயரால் இன்றும் அழைக்கப்படும் மார்க்கெட்டைக் கட்டினார். செலவு கையை மீறிப் போயிற்று. வரிச் சுமை ஏறியது. 1871இல் வரி கட்டுபவர்கள் கூடிக் கொதித்தார்கள்.

அந்தக் கொதிப்பின் நடுவே இளம் பாரிஸ்டர் ஃபிரோஸ்ஷா மேத்தா எழுந்து கூட்டத்துக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னார். கிராஃபோர்டு நகரத்துக்கு நல்லதைத்தான் செய்தார், குறை ஆளிடம் இல்லை, வரி கட்டுபவர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று அவரைக் கேள்வி கேட்க இல்லாததுதான் குறை என்பது அவர் வாதம். கேட்டவர்கள் கூச்சலிட்டார்கள். ஆனால் 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய அவர் காட்டிய வழியில்தான் போனது. 64 உறுப்பினர்கள், அதில் பாதிப் பேரை வரி கட்டுபவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் 1888ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதை உருவாக்கியதிலும் மேத்தாவுக்குப் பெரும் பங்கு. எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகும் மும்பை மாநகராட்சி இன்றுவரை நடப்பது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

அந்தச் சட்டம் வரியைக் கணக்கிட்ட முறை எளிமையானது. ஒரு கட்டடத்தை ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று பார். அதில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கும் செலவுக்காகக் கழி. மீதி வரிக்குரிய மதிப்பு. மாதம் 100 ரூபாய் வாடகை போகும் இடத்துக்கு ஆண்டுக்கு 1,200. 120 கழிந்தால் 1,080. அதன்மேல் இத்தனை சதவீதம் என்று வரி. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் இதே கணக்குதான். அவர் யாருக்கும் வாடகைக்கு விடாவிட்டாலும், விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கற்பனை வாடகை எடுத்துக்கொள்ளப்படும்.

அன்றைய வரிகள் மூன்று: தண்ணீர் வரி, பொது வரி, ஹலால்கோர் வரி. தண்ணீர் வரிக்குப் பின்னால் விஹார், துளசி, தான்சா ஏரிகள் நின்றன. ஹலால்கோர் வரி மனிதக் கழிவைக் கூடையில் அள்ளிச் சுமந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்காக விதிக்கப்பட்டது. பழைய பம்பாயின் சால்கள் எனும் ஒற்றையறை வரிசைக் குடியிருப்புகளுக்குப் பின்னால் அவர்கள் மட்டும் நடக்கும் குறுகிய சந்துகள் இருந்தன. இன்றைய சீட்டில் கழிவுநீர் வரி என்று நாகரிகமாக நிற்கும் வரியின் மூதாதை இதுதான். எந்தச் சாதி மக்களின் முதுகின்மேல் அந்த நகரம் சுத்தமாக இருந்தது என்பதை வரி வரலாறு எழுதுபவர்கள் தாண்டிப் போகக் கூடாது.

1896இல் மாண்ட்வியில் பிளேக் வந்தது. மருத்துவர் அகாசியோ வியேகாஸ் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான தெருக்களிலிருந்து மக்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். நோய்க்கு நெரிசலும் காற்றில்லாத அறைகளும்தான் காரணம் என்று நம்பிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை ஏற்படுத்தியது. நெரிசலை உடைப்பதும் வடக்கே புதிய குடியிருப்புகளை உருவாக்குவதும் அதன் வேலை. அந்த வடக்குதான் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான். அதுவரை அங்கே இருந்தவை தென்னந்தோப்புகளும் வயல்களும் சதுப்புகளும் சில கிராமங்களும்.

டிரஸ்ட் நிலத்தை வாங்கி, அகலச் சாலைகளைப் போட்டு, பாதாளச் சாக்கடை இறக்கி, மனைகளாகப் பிரித்து நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. இன்றைய அம்பேத்கர் சாலை அன்றைய வின்சென்ட் சாலை. ஃபைவ் கார்டன்ஸ், ஹிந்து காலனி, கிங்ஸ் சர்க்கிள் எல்லாம் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள். டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி நடுத்தரக் குடும்பங்களுக்காக 103 மனைகளைக் கேட்டு வாங்கிப் பார்சி காலனியை எழுப்பினார். 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு கலந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பகுதியின் பல கட்டடங்கள் இன்றும் ஒரே மாநகராட்சிக்கு இரண்டு தனிக் கணக்கில் பணம் கட்டுகின்றன: மண்ணுக்குக் குத்தகைப் பணம், மேலே நிற்கும் கட்டடத்துக்குச் சொத்து வரி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றைக் கட்டாமல் விட்டால், வீட்டை விற்கும்போதோ கட்டடத்தை இடித்துக் கட்டும்போதோ பாக்கி வட்டியோடு வந்து நிற்கும்.

இந்தப் புதிய தெருக்களுக்கு வந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். குமாஸ்தாக்கள், தட்டச்சர்கள், கணக்கர்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், பின்னர் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிச் சிற்றுண்டிச் சாலைகள் என்று மாட்டுங்கா ஒரு தெற்கத்தி ஊராயிற்று. அவர்கள் குடிபுகுந்தது சால் அறைகளில் மட்டுமல்ல. சமையலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே அடங்கிய ஃபிளாட்டுகளிலும். நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட தாதர்–மாட்டுங்கா பற்றிய ஆய்வு நூல், பம்பாயின் நடுத்தர வர்க்க ஃபிளாட் வாழ்க்கை உருப்பெற்றதே இங்கேதான் என்று விரிவாகக் காட்டுகிறது. வீட்டுக்கு முன்பே பாதாளச் சாக்கடை வந்த இடத்தில்தானே கழிப்பறை வீட்டுக்குள் வர முடியும்!

ஆனால் அந்தத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். வரியை மாநகராட்சியிடம் கட்டியவர் கட்டடச் சொந்தக்காரர். வரி கட்டுபவருக்கு மட்டுமே வாக்கு என்ற விதி நீடித்திருந்தால் மாட்டுங்காவின் இந்தக் குடும்பங்களுக்கு நகர ஆட்சியில் குரலே இருந்திருக்காது. 1922இல் அந்த விதி தளர்ந்தது. மாதம் பத்து ரூபாய் வாடகை கொடுப்பவருக்கும் வாக்குரிமை வந்தது. வீட்டு வரியின் சுமை வாடகைக்குள் அடங்கித்தான் இருக்கிறது, ஆகவே வாடகைக்காரரும் வரி கட்டுபவர்தான் என்ற நியாயம் அதில் ஒளிந்திருக்கிறது. அடுத்த ஆண்டே மன்றத்துக்குள் பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான அவந்திகாபாய் கோகலேயின் முயற்சியால்தான் தாதர் மேற்கின் பெரிய மைதானத்துக்குச் சிவாஜி பார்க் என்ற பெயர் கிடைத்தது. 1948இல் வயதுவந்த அனைவரும் வாக்களித்தார்கள். வரிக்கும் வாக்குக்கும் இருந்த முடிச்சு அன்றோடு அவிழ்ந்தது.

கல்வி வரி என்ற பெயரைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பம்பாய் மாநகராட்சி 1925இல் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த வார்டுகள் எஃப், ஜி. அதாவது தாதரும் மாட்டுங்காவும் மாஹிமும் பரேலும் அடங்கிய பகுதி. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து வெளியே வந்த தாராவிப் பிள்ளைகளின் எழுத்தறிவுக்கும் இந்த வரிப் பணம்தான் உதவியிருக்கிறது.

பிறகு வந்தது நீண்ட உறைபனிக் காலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாடகை தாறுமாறாக ஏறக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் மாத வாடகையை அளவுகோலாக வைத்துப் பூட்டுப் போட்டது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இதனால் குடியிருந்தவர்களுக்குத் தலைக்குமேல் கூரை நிலைத்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் எழுபதுகளுக்கு முன்பே மாட்டுங்காவை விட்டு வெளியேற்றப்பட்டிருக்கும். ஆனால் வரிக் கணக்கு வாடகையின் தோளில் உட்கார்ந்திருந்ததால் வரியும் உறைந்தது. கட்டுப்படுத்தப்பட்ட வாடகைக்கு மேல் எதையும் வரி மதிப்பாக எடுக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 1980இல் தில்லியைச் சேர்ந்த தௌலத் ராய் கபூர் வழக்கின் தீர்ப்பு அதில் புகழ்பெற்றது. விளைவு என்ன? ஒரே தெருவில், ஒரே அளவில், அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்று 1935இல் கட்டியது, மற்றொன்று 1985இல் கட்டியது. பழையதற்குப் பெயரளவு வரி. புதியதற்குப் பல மடங்கு. தண்ணீரும் தெருவிளக்கும் இருவருக்கும் ஒன்றுதான்.

வாடகை ஏறாத சொந்தக்காரர்கள் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். வாடகை உரிமையே பகடி என்ற பெயரில் கைமாறியது. மழைக்காலங்களில் கட்டடங்கள் சரிந்தன. 1969இல் மகாராஷ்டிர அரசு பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை அமைத்து, தீவு நகரத்தின் பழைய வாடகைக் கட்டடங்கள்மேல் தனி வரி விதித்தது. அதையும் சொத்து வரியோடு சேர்த்து மாநகராட்சியே வசூலித்துக் கொடுக்கிறது. பழைய தாதர், மாட்டுங்கா கட்டடங்களுக்கு அது உண்டு. சயானைத் தாண்டி, 1950இல்தான் மாநகர எல்லைக்குள் வந்த செம்பூருக்கு இல்லை. ஒரே நகரத்தில் இருந்த அண்ணன் தம்பி வீட்டுச் சீட்டுகள் வேறு வேறாக இருந்ததன் காரணம் இதுபோன்ற எல்லைக்கோடுகள்தான்.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழைய வாடகையிலேயே உறைந்து நிற்பது நியாயமல்லாததாகிவிட்டது என்று சொன்னது. புதிய வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பழைய வாடகைகளை அது பெரிதாக அசைக்கவில்லை. ஆகவே வரியை வாடகையிலிருந்தே பிரித்துவிடுவது என்று அரசு முடிவு செய்தது. 2010 ஏப்ரல் 1 முதல் மும்பையில் சொத்து வரியின் அடிப்படை மூலதன மதிப்பு. இனி வாடகை எவ்வளவு என்பது கேள்வி அல்ல, வீடு என்ன விலை போகும் என்பதுதான் கேள்வி.

முத்திரைத் தீர்வைக்காக அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ரெடி ரெக்கனர் விலைப்பட்டியலில் அந்த இடத்துக்கு உரிய விலையை எடுத்து, பரப்பளவால் பெருக்குகிறார்கள். பிறகு குடியிருப்பா கடையா, எந்த வகைக் கட்டுமானம், எத்தனை ஆண்டுப் பழையது, எந்த மாடி என்பவற்றுக்கு உரிய எண்களால் மீண்டும் பெருக்குகிறார்கள். வருவது மூலதன மதிப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும் என்பது சட்டம். இந்த நான்கு விவரங்களில் ஒன்று தவறாகப் பதிவாகியிருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். வீடு கடை என்று பதிவானால் அதுதான் பெரிய இழப்பு. ஆட்சேபம் முதலில் வார்டு அலுவலகத்தில். அங்கே தீராவிட்டால் ஸ்மால் காஸஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. ஆனால் கேட்ட வரியைக் கட்டிவிட்டுத்தான் அங்கே போக முடியும். கட்டாமல் இழுத்தால் மாதத்துக்கு இரண்டு சதவீதம் தண்டம் ஏறும். வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த ‘முதலில் கட்டு, பிறகு பேசு’ விதி கடுமையானது. அதைத் தளர்த்தியிருக்க வேண்டும்.

வீட்டு விலை ஏறினாலும் ஓய்வூதியம் ஏறாத மனிதர்கள் இந்த மாற்றத்தில் சிக்கினார்கள். ஐம்பதுகளில் வாங்கிய வீட்டில் வாழும் மாட்டுங்காக் கிழவருக்கு அந்த வீட்டின் கோடி ரூபாய் விலையால் அன்றாட வாழ்வில் ஒரு பயனும் இல்லை. அதை உணர்ந்து முதல் ஐந்தாண்டுக்குச் சட்டமே வரம்பு வைத்தது: குடியிருப்புக்குப் பழைய வரியின் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது, மற்றவற்றுக்கு மூன்று மடங்கு. 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு உயர்வே கிடையாது. சொத்து உரிமையாளர் சங்கம் நீதிமன்றம் போனது. 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் மூலதன மதிப்பு விதிகளில் 20, 21, 22 ஆகியவற்றை ரத்து செய்தது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காலி மனையில் எதிர்காலத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று கற்பனை செய்து இன்றே வரி போடக் கூடாது என்பது அதன் சாரம். இருப்பதற்குத்தான் வரி. ஆனால் விலை அடிப்படையிலான முறை நிலைத்துவிட்டது.

அதே 2022இன் முதல் நாளில் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரி முழுவதும் தள்ளுபடி என்று மாநில அரசு அறிவித்தது. சாலிலும் சிறு ஃபிளாட்டிலும் வாழ்பவர்களுக்கு இது உண்மையான நிம்மதி. மாநகராட்சிக்கோ நேரம் சரியில்லை. அதன் மிகப் பெரிய வருமானமாக இருந்த ஆக்ட்ராய் என்ற சரக்கு நுழைவு வரி, ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1 அன்று மறைந்தது. அதற்கு ஈடாக அரசு தரும் தொகை வந்தாலும், மாநகராட்சி தானே விதித்துத் தானே வசூலிக்கும் பெரிய வருமானங்களில் சொத்து வரியே முன்னால் நிற்கிறது.

இத்தனை கதையிலும் தாராவி வெளியே நின்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் நிலைபெற்று நூறு ஆண்டுக்கு மேல் ஆன இடம். ஜி வடக்கு வார்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அங்குள்ள பெரும்பாலான குடிசைகளுக்குச் சொத்து வரிச் சீட்டு வந்ததில்லை. அங்கே மதிப்பு மிக்க காகிதம் வேறு: 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின் கொடுத்த போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, கரண்ட் பில். வரிச் சீட்டு இல்லாததால் வரி கட்டாதவர்கள் என்று தாராவி மக்களைக் குறை சொல்வது நியாயமல்ல. தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் ஒழுங்காகப் போகாத இடத்துக்கு அந்தப் பெயர்களில் வரி கேட்க மாநகராட்சிக்கு முகம் இல்லாமல்தான் இருந்தது.

2025 பிப்ரவரியில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், குடிசைப் பகுதிகளில் கடை, பட்டறை, கிடங்கு என்று தொழிலுக்குப் பயன்படும் இடங்களுக்குச் சொத்து வரி விதிக்கப்போவதாக மாநகராட்சி அறிவித்தது. தோல் பை தைக்கும் அறைக்கும் இட்லி மாவு அரைக்கும் கடைக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவிப்பு. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த 152ஏ பிரிவு, அனுமதியில்லாத கட்டடத்துக்கு வரி விதித்தாலும் அது அந்தக் கட்டடத்தை முறைப்படுத்தியதாகாது என்கிறது. வரி கட்டியவருக்கு நகரத்தின் மேல் உரிமை உண்டு என்று ஃபிரோஸ்ஷா மேத்தா வாதிட்ட சட்டத்தின் உள்ளேயே, கட்டினாலும் உரிமை இல்லை என்று ஒரு பிரிவு இருக்கிறது. தாராவிக் கடைக்காரருக்கு மாநகராட்சி இதற்கு நேரடியான பதில் சொல்ல வேண்டும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்த தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். 500 சதுர அடி விலக்கு அப்படியே நீடித்தால், அந்த மாடி வீடுகளுக்கும் சொத்து வரி இருக்காது. மெயின்டனன்ஸ் இருக்கும், லிஃப்ட் செலவு இருக்கும். கீழே கடை வைத்திருப்பவருக்கு மட்டும் ஜிஎன் என்ற எழுத்துகளோடு ஒரு கணக்கு எண் வரும். அதில் எழுதியிருக்கும் பரப்பளவும் பயன்பாட்டு வகையும் சரிதானா என்று முதல் சீட்டிலேயே பார்த்துவிட வேண்டியது அவர்தான்.